புதுக் காரில் பழுது: யாரைக் கேட்பது, எதைக் கேட்பது, எதைக் கொண்டு நிரூபிப்பது?

புதிதாக வாங்கிய காரைக் கழுதை பூட்டி இழுத்து வந்து ஷோரூம் வாசலில் நிறுத்தும் காணொளிகள் அவ்வப்போது பரவுகின்றன. பார்ப்பவர் மனத்தில் எழும் கேள்வி நியாயமானது: பதினைந்து லட்சம் கொடுத்து வாங்கிய கார் முதல் மாதமே நடுவழியில் நின்றால், வேறு கார் கொடுத்துவிட வேண்டியதுதானே? அமெரிக்க மாநிலங்களில் உள்ளதுபோல், இத்தனை முறை சரிசெய்தும் குறை தீராவிட்டால் காரைத் திரும்ப எடுத்துக்கொண்டே ஆக வேண்டும் என்று விதிக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை என்பதுதான் அதற்கான முதல் பதில். இங்கே இருப்பது மிக்சி முதல் மருத்துவமனை வரை எல்லாவற்றுக்கும் பொதுவான நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. அது 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது.

அந்தச் சட்டம் பலவீனமானது அன்று. ஆனால் அதன் முன் போகும் கார் வழக்குகளில் பல, மிகப் பெரிய கோரிக்கையை மிக மெல்லிய ஆதாரத்துடன் வைப்பதாலேயே தோற்கின்றன. எந்தக் குறைக்கு யார் பொறுப்பு, அதற்கு என்ன சான்று வேண்டும் என்பதை முதலிலேயே பிரித்துக்கொள்பவருக்கு வழக்குமன்றம் வரை போகாமலே தீர்வு கிடைக்கும் வாய்ப்பு அதிகம். காரைக்குடி, தேவகோட்டை, பொன்னமராவதி வட்டாரத்து வாசகர்களை மனத்தில் வைத்து அந்தப் பிரிவினையை இங்கே விளக்கலாம்.

விற்றவர் வேறு, செய்தவர் வேறு

ஷோரூமின் பெயர்ப்பலகையில் கார் நிறுவனத்தின் சின்னம் பெரிதாக இருப்பதால், டீலர் என்பவர் அந்த நிறுவனத்தின் கிளை அலுவலகம் என்று எண்ணிவிடுகிறோம். பெரும்பாலான டீலர் ஒப்பந்தங்கள் அப்படி எழுதப்படுவதில்லை. டீலர் தன் சொந்த முதலில் நிறுவனத்திடம் காரை விலைக்கு வாங்கி, தன் பெயரில் பில் போட்டு உங்களுக்கு விற்கிறார். சட்டத்தின் பார்வையில் இருவரும் தனித்தனித் தரப்பினர்; ஒருவர் மற்றவரின் முகவர் அல்லர்.

இந்தப் பிரிவினை வெறும் ஏட்டளவில் இல்லை. கோவாவில் ஒருவருக்கு 2011-ஆம் ஆண்டுக் கார் என்று சொல்லி, 2009-இல் தயாராகி 622 கிலோமீட்டர் ஓடியிருந்த காரை டீலர் கொடுத்த வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் டாடா மோட்டார்ஸ் நிறுவனத்தைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. டீலர் செய்த தவறில் நிறுவனத்துக்குப் பங்கு உண்டு என்று குறிப்பிட்டுக் குற்றம்சாட்டவும் இல்லை, நிரூபிக்கவும் இல்லை என்பதே காரணம். நிறுவனத்தையும் எதிர்தரப்பாகச் சேர்த்தால் மட்டும் போதாது, அது செய்த தவறு இன்னது என்று தனியாக எழுதியிருக்க வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

இன்னொரு புறமும் உண்டு. வாரன்டியைக் கொடுப்பவர் நிறுவனம். வேலையைச் செய்பவர் டீலர். டீலர் ஒரு பாகத்தை இலவசமாக மாற்றியதும், அதன் விலையையும் கூலியையும் நிறுவனத்திடம் கோரிப் பெற வேண்டும். கழற்றிய பாகத்தை நிறுவனம் திருப்பிக் கேட்டு ஆராயலாம். குறை உறுதிப்படாவிட்டால் பணம் தர மறுக்கலாம். அதனால்தான் பட்டறையில் குறை கண்ணுக்கோ ஸ்கேனருக்கோ தெரியாதபோது, "அது நார்மல்தான் சார், எல்லா வண்டியிலும் இப்படித்தான் இருக்கும்" என்ற பதில் வருகிறது. சர்வீஸ் அட்வைசர் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார் என்று ஒவ்வொரு முறையும் கருத வேண்டியதில்லை. குறையைக் காட்டிக்கொடுக்காத காரில் கைவைத்தால் அந்தச் செலவு தன் முதலாளி தலையில் விழும் என்பது அவருக்குத் தெரியும். குறையை அவர் கண்முன் வரவழைத்துக் காட்டிவிட்டால், பேச்சின் போக்கே பெரும்பாலும் மாறிவிடும்.

மூன்று வகைக் குறைகள்

பேச்சுவழக்கில் எல்லாமே 'மேனுபேக்சரிங் டிபெக்ட்'. சட்டத்தின் முன் அவை மூன்று வெவ்வேறு பொருள்கள்.

1. வாரன்டிக்குள் வரும் பழுது. ஒரு பாகம் கெட்டது, மாற்றினார்கள், சரியானது. இது குறைதான் என்றாலும் வழக்குக்குரியது அன்று. வாரன்டி என்பதே இத்தகைய பழுதுகளுக்காக முன்கூட்டி ஒப்புக்கொண்ட ஏற்பாடு.

2. உற்பத்திக் குறைபாடு. பாகத்தை மாற்றினாலும் திரும்பத் திரும்ப வருவது, அல்லது வடிவமைப்பிலோ பொருத்தியதிலோ வேரூன்றியிருப்பது. சட்டத்தின் பிரிவு 2(10), ஒரு பொருளின் தரத்தில் சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ விற்பவர் சொன்னபடியோ இருக்க வேண்டிய அளவில் உள்ள எந்தக் குறையையும் 'குறைபாடு' என்கிறது. இதற்கு முதன்மைப் பொறுப்பாளி நிறுவனம்.

3. சேவைக் குறைபாடு. காரில் என்ன கோளாறு என்பது ஒருபுறம் இருக்க, அதைக் கையாண்ட விதத்தில் உள்ள தவறு: வாரக்கணக்கில் காரைப் பட்டறையில் போட்டு வைத்தது, செய்யாத வேலையைச் செய்ததாக எழுதியது, வாரன்டியில் வர வேண்டிய பாகத்துக்குப் பணம் வாங்கியது, டெலிவரிக்கு முன் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டது. இது பெரும்பாலும் டீலரின் பொறுப்பு.

இரண்டாவதை நிரூபிக்கத் தொழில்நுட்பச் சான்று தேவைப்படும். மூன்றாவதை நிரூபிக்கத் தேதி போட்ட காகிதங்களே போதும். புகார் எழுதுபவர்களில் பெரும்பாலோர் இரண்டாவதை மட்டும் எழுதிவிட்டு, கையில் உள்ள ஆதாரம் அனைத்தும் மூன்றாவதற்கு உரியதாக இருக்க, தோற்றுப்போகிறார்கள். இரண்டையும் தனித்தனிக் குற்றச்சாட்டாகவும், ஒன்று நிற்காவிட்டால் மற்றது நிற்கும்படி மாற்றுக் கோரிக்கையாகவும் எழுதுவதே சரியான வழி.

நல்ல நேரத்துக்கு முன் செய்ய வேண்டியது

புதிய நம்பர் விழுவதற்கு முன் கார் டீலரின் சரக்கு. விழுந்த பிறகு அது சட்டப்படி உங்கள் கார், சந்தையில் பழைய கார். ஆயுள் வரி கட்டியாயிற்று. பத்து முதல் இருபது லட்சம் வரை விலையுள்ள காருக்குத் தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் அது 18 சதவீதம். இன்சூரன்ஸ் தொடங்கிவிட்டது, ஜிஎஸ்டி பில் போட்டாயிற்று. நிறுவனமே மனமிரங்கினாலும் இவற்றையெல்லாம் திருப்புவது எளிதன்று. அதனால் காரைப் பார்க்க வேண்டிய நேரம் மாலை, தேங்காய், எலுமிச்சம்பழத்தோடு நிற்கும் டெலிவரி நேரம் அன்று. பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே, டீலர் கார்களை நிறுத்திவைக்கும் ஸ்டாக்யார்டுக்குப் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு தனித் தடை உண்டு. முகூர்த்த நாளைக் குறித்துக்கொண்டு, காலையில் மதுரையிலோ திருச்சியிலோ காரை எடுத்து, ராகு காலத்துக்கு முன் பிள்ளையார்பட்டி போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில் நிற்கும் குடும்பம், கதவின் நிறம் பக்கத்துத் தகட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காது. பூசையைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. காரைப் பார்க்கும் நாள் தனியாகவும் எடுக்கும் நாள் தனியாகவும் இருக்கட்டும்.

பார்க்க வேண்டியவை அதிகமில்லை. 17 எழுத்தும் எண்ணுமாகிய சேசிஸ் எண் பில்லோடு ஒத்துப்போக வேண்டும். விற்பனைச் சான்றான படிவம் 21-இல் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். பானட், கதவு போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஓடோமீட்டரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜாப் கார்டு: வழக்கின் உயிர்நிலை

கார் பட்டறைக்குள் நுழையும்போது டீலர் பதிவுசெய்யும் தாளே ஜாப் கார்டு. வண்டி எண், கிலோமீட்டர், வந்த தேதி, வாடிக்கையாளர் சொன்ன குறை, பட்டறை கண்டது, செய்த வேலை, மாற்றிய பாகம், திரும்பக் கொடுத்த தேதி ஆகியவை அதில் இருக்கும். பின்னாளில் டீலரும் நிறுவனமும் மறுக்க முடியாத ஆவணம் இது ஒன்றுதான், ஏனென்றால் அதை எழுதியவர்கள் அவர்களே.

இங்கேதான் பெரும்பாலான வழக்குகள் தொடங்குமுன்பே பலவீனப்படுகின்றன. காரை விட வந்தவர் ஐந்து நிமிடம் வேதனையோடு சொன்னதை, சர்வீஸ் அட்வைசர் 'பொதுச் சோதனை' என்று இரண்டு சொல்லில் எழுதிவிடுவார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் நான்கு முறை கார் பட்டறைக்குப் போயிருக்கும், நான்கு ஜாப் கார்டிலும் குறையின் பெயரே இருக்காது. ஆகவே கையெழுத்துக்கு முன் படித்துப் பார்த்து, குறையை நீங்கள் சொன்னபடியே எழுதச் சொல்ல வேண்டும்.

சொல்லும் முறையும் முக்கியம். "வண்டி இழுக்கவில்லை" என்பது கருத்து. "இன்ஜின் சூடான பிறகு, ஏசி ஓடும்போது, மூன்றாம் கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இரண்டு மூன்று வினாடி வேகம் கூடுவதில்லை, இதே குறைக்காக ஏற்கெனவே இந்தத் தேதியில் கொண்டுவந்தேன்" என்பது சோதிக்கத்தக்க கூற்று. பின்னது எழுதப்பட்டுவிட்டால், பட்டறை அந்தச் சூழ்நிலையில் ஓட்டிப் பார்த்ததா என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை அதற்கு வந்துவிடுகிறது.

இவற்றோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை:

1. குறை விட்டு விட்டு வருவதாக இருந்தால், மெக்கானிக்கையோ அட்வைசரையோ பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டி, ஓட்டிப் பார்த்ததில் என்ன தெரிந்தது என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்ல வேண்டும். தெரியவில்லை என்றால் அதையும் எழுதட்டும். சோதனை நடந்தது என்பதே ஒரு பதிவு.

2. ஸ்கேனர் போட்டிருந்தால் எர்ரர் கோடுகளின் அச்சுப்படி கேட்க வேண்டும். கோடுகளை அழித்துவிட்டுக் "குறை எதுவும் இல்லை" என்று காரைக் கொடுப்பது நடக்கக்கூடியது. அழிக்கும் முன் எடுத்த படியே பயனுள்ளது.

3. சாப்ட்வேர் அப்டேட் செய்தார்கள் என்றால் எதற்காக என்று எழுத்தில் கேட்க வேண்டும். நிறுவனம் இத்தகைய குறையை ஏற்கெனவே அறிந்து டீலர்களுக்கு அறிவுரை அனுப்பியிருந்தால், அது இந்தப் பதிலில் வெளிப்படலாம்.

4. காரை எடுக்கும்போது 'திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடக் கூடாது. "குறை தீர்ந்ததா என்பது ஓட்டிப் பார்த்த பின்பே தெரியும்" என்று கையால் எழுதிக் கையெழுத்திடலாம். யாரும் தடுக்க முடியாது.

5. அன்று மாலையே, நடந்ததைச் சுருக்கி டீலருக்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். தொலைபேசியில் பேசியது ஆதாரமாகாது. பேசியதை எழுதி அனுப்பினால் ஆகும்.

ஓரணா வரவையும் பேரேட்டில் ஏற்றி, ஆண்டு முடிவில் ஐந்தொகை என்னும் இருப்புக் கணக்கை எடுத்துச் சரிபார்த்த வட்டாரம் இது. காருக்கும் ஒரு பேரேடு வேண்டும்: தேதி, கிலோமீட்டர், என்ன நடந்தது, யாரிடம் சொன்னோம், என்ன பதில், கார் எத்தனை நாள் பட்டறையில் நின்றது. கைப்பேசியில் எடுத்த காணொளிகளை மூலக் கோப்பாகவே வைத்திருங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் பிரிவு 63, மின்னணுப் பதிவுகளோடு ஒரு சான்றிதழையும் கேட்கிறது.

வெளியூரில் வாழும் மகன், பள்ளத்தூரில் நிற்கும் கார்

பணம் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்கும் மகன் கொடுத்தது, ஆர்.சி. எனும் பதிவுச் சான்று ஊரில் இருக்கும் தாயார் பெயரில், கார் மதுரையில் வாங்கியது, சர்வீஸ் காரைக்குடியில். நம் வட்டாரத்தில் இது அரிய ஏற்பாடன்று; ஆனால் குறை என்று வரும்போது இதில் நான்கு சிக்கல்கள் ஒன்றாக எழுகின்றன.

முதலாவது, கார் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் ஓடுவதால் குறை தாமதமாகத் தெரிகிறது. கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் வாரன்டியின் ஆண்டுக் கணக்கு நிற்பதில்லை. இரண்டாவது, விற்ற டீலரும் சர்வீஸ் செய்யும் டீலரும் வேறாக இருப்பதால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். வாரன்டி நிறுவனத்துடையது என்பதால் அங்கீகரிக்கப்பட்ட எந்தப் பட்டறையும் அதைச் செய்து தர வேண்டும். வழக்கு என்று வந்தால் இரு டீலர்களையும் அவரவர் செய்த தவற்றைக் குறிப்பிட்டுச் சேர்க்க வேண்டும். மூன்றாவது, நின்றே கிடந்த காரில் பேட்டரி இறங்குவதும் எலி ஒயரைக் கடிப்பதும் பராமரிப்புக் குறையாகவே கொள்ளப்படும். நான்காவது யார் புகார் கொடுப்பது என்பது. வாங்கியவர் சம்மதத்துடன் பயன்படுத்துபவரும் சட்டத்தில் நுகர்வோரே. ஆயினும் ஆர்.சி.யில் பெயர் உள்ள தாயாரே மனுதாரராக இருந்து, மகனுக்கு அதிகாரம் எழுதிக் கொடுப்பது சிக்கலற்றது. காணொளி வழி விசாரணை கோரி விண்ணப்பிக்கவும் சட்டம் இடமளிக்கிறது.

வேறு கார் கிடைக்குமா?

உச்ச நீதிமன்றத்தின் மூன்று தீர்ப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இதற்கான பதில் ஓரளவு துலங்கும்.

2006-இல் மாருதி தொடர்பான வழக்கில், நிறுவனம் வாரன்டியில் ஏற்றுக்கொண்டது குறையுள்ள பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றுவது மட்டுமே என்பதால், முழுக் காரையே மாற்றித் தரச் சொன்ன உத்தரவு நிற்காது என்று நீதிமன்றம் கூறியது. நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் இன்றும் முதலில் எடுத்து நீட்டுவது இதைத்தான். 2010 நவம்பரில் ஃபியட் வழக்கில் அதே நீதிமன்றம் வேறொரு கதவைத் திறந்தது. தனித்து நிற்கும் தொழில்நுட்ப வல்லுநர் காரைப் பரிசோதித்து, உள்ளார்ந்த உற்பத்திக் குறைபாடு உண்டு என்று சொன்னால், விலையை 12 சதவீத வட்டியுடன் திருப்பித் தர வேண்டும் என்றது. 2022 ஏப்ரலில் ஹூண்டாய் க்ரெட்டா வழக்கில், முன்புறம் மோதியும் ஏர்பேக் விரியாத காரை மாற்றித் தரும் உத்தரவை உறுதிசெய்தது. மோதலின் விசையைக் கணக்கிடும் இயற்பியல் வல்லுநராக வாடிக்கையாளர் இருக்க வேண்டியதில்லை என்றும், நிகழ்வே குறையைக் காட்டும்போது வல்லுநர் சான்று எப்போதும் கட்டாயமில்லை என்றும் விளக்கியது.

என் கணிப்பில் இம்மூன்றும் முரண்படவில்லை. தனித்த பாகத்தின் பழுதுக்கு முழுக் கார் கிடைக்காது. வல்லுநர் அறிக்கையால் உறுதிப்பட்ட ஆழமான குறைக்குப் பணம் திரும்பும். உயிர் காக்கும் அமைப்பு வேலை செய்யாததற்கு நீதிமன்றம் மிகக் கடுமையாக இருக்கும். ஆகவே ஏசி சத்தத்துக்கும் டேஷ்போர்டு அதிர்வுக்கும் புதுக் கார் கேட்டு மனுப்போடுவது, கிடைக்கக்கூடிய இழப்பீட்டையும் சேர்த்துக் கெடுக்கும் செயல்.

2019 சட்டத்தில் புதிதாக வந்த 'பொருள் பொறுப்பு' அத்தியாயத்தைக் காட்டிப் பலர் நம்பிக்கை கொடுக்கிறார்கள். அந்த அத்தியாயத்துக்கான 'தீங்கு' என்ற சொல்லின் வரையறை, பிரிவு 2(22), பொருளுக்கே ஏற்பட்ட சேதத்தை வெளிப்படையாக விலக்குகிறது. பிரேக் குறையால் ஒருவர் காயமடைந்தாலோ வீட்டுச் சுவர் இடிந்தாலோ அது பொருந்தும். கார் வெறுமனே ஓடாமல் நிற்பதற்கு அது வழியன்று. அதற்குரியது பிரிவு 39-இன் கீழான சாதாரணக் குறைபாட்டுப் புகாரே. குறையை நீக்குதல், பொருளை மாற்றுதல், விலையைத் திருப்புதல், இழப்பீடு ஆகிய எல்லா நிவாரணங்களும் அப்பிரிவிலேயே உள்ளன.

வல்லுநர் அறிக்கையை யார் தருவார்?

தெரிந்த மெக்கானிக் எழுதிக் கொடுத்த தாள் எதிர்தரப்பின் முன் நிற்பது கடினம். பிரிவு 38(2) ஒரு வழியைக் காட்டுகிறது: பரிசோதனையின்றி முடிவுசெய்ய முடியாத குறையாக இருந்தால், புகாரை விசாரிக்கும் நுகர்வோர் குறைதீர் ஆணையமே பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாளில் அறிக்கை கேட்கலாம். காரைப் பெட்டியில் வைத்து அனுப்ப முடியாது என்பதால், மனுவோடு தனி விண்ணப்பம் போட்டு, தகுதியான ஒருவரை நியமிக்கும்படி கேட்பதே நடைமுறைக்கு உகந்தது. காரைக்குடியிலேயே அழகப்பச் செட்டியார் பெயரில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது; இத்தகைய அரசுக் கல்லூரிகளின் இயந்திரவியல் பேராசிரியர்களையோ மோட்டார் வாகன ஆய்வாளரையோ பரிந்துரைக்கலாம். இந்த விண்ணப்பத்தைப் போடாமலே வாதத்தை முடித்துவிட்டு, 'வல்லுநர் சான்று இல்லை' என்று மனு தள்ளுபடியாவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

மின்சாரக் கார்களில் இது இன்னும் கூர்மையாகிறது. பேட்டரியின் திறன் குறைவது இயல்பு. எவ்வளவு குறைந்தால் வாரன்டியில் மாற்றுவார்கள் என்பது வாரன்டி ஏட்டில் சதவீதமாக எழுதப்பட்டிருக்கும். வாங்கிய மாதத்திலிருந்தே ஒவ்வொரு சர்வீசிலும் பேட்டரி நலனின் அளவை எழுதி வாங்காதவர், மூன்றாம் ஆண்டில் ஒப்பிட ஒன்றும் இல்லாமல் நிற்பார்.

மேலே போகும் வரிசை

1. டீலரின் சர்வீஸ் மேனேஜர், பிறகு பொது மேலாளர். எழுத்தில், ஜாப் கார்டு எண்களோடு.

2. நிறுவனத்தின் வட்டார சர்வீஸ் மேலாளர். இவர் குறிப்பிட்ட நாள்களில் டீலரிடம் வருவார்; அந்த நாளில் காரைக் கொண்டுவந்து அவரே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பெரிய பாகங்களை மாற்ற ஒப்புதல் தரும் அதிகாரம் பெரும்பாலும் இந்த மட்டத்தில்தான் இருக்கிறது, ஆகவே நேரம் செலவிட வேண்டிய படி இதுவே.

3. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இது வழக்குமன்றம் அன்று. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் பெற்றுத் தரும் ஏற்பாடு. சில நேரம் பூட்டைத் திறக்கும்.

4. வழக்கறிஞர் அறிவிப்பு, ஸ்பீடு போஸ்டில், நிறுவனத்தின் பதிவு அலுவலகத்துக்கும் சேர்த்து.

இந்தக் கடிதப் போக்குவரத்து முடிவில்லாமல் நீளக்கூடாது. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகாரைத் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது பிரிவு 69. கடிதம் போட்டுக்கொண்டிருப்பதாலேயே அந்தக் காலம் நீளாது.

சிவகங்கை ஆணையம்

பழைய 1986 சட்டத்தின்படி எதிர்தரப்பு இருக்கும் இடத்திலோ பிரச்சினை எழுந்த இடத்திலோதான் வழக்குப்போட முடியும். இப்போது பிரிவு 34-இன்படி புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே போடலாம். மதுரையில் கார் வாங்கிய காரைக்குடிக்காரர் சிவகங்கையில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தையே அணுகலாம்; பொன்னமராவதிக்காரருக்குப் புதுக்கோட்டை. புக்கிங் தாளின் பின்புறம் 'சென்னை நீதிமன்றங்களுக்கு மட்டுமே உட்பட்டது' என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் கண்டு பின்வாங்க வேண்டாம்.

கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம் என்பது 2021 டிசம்பரில் வந்த விதி. கட்டணம் அஞ்சத்தக்கதன்று: 5 லட்சம் வரை இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. இணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியே தாக்கல் செய்யலாம். எதிர்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், கூடுதலாக 15 நாள் மட்டும் தரலாம். 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதைக் கண்டிப்பான எல்லை என்றது. சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முயல வேண்டும் என்றுதான் சொல்கிறது; நடப்பில் அதைவிட நீளும் என்று எண்ணியே இறங்குவது நல்லது.

கடையின் பெயரிலோ கம்பெனி பெயரிலோ வாங்கிய காருக்கு, 'வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்லர்' என்ற தடை எழுப்பப்படும். வாடகைக்கு விடும் கார் என்றால், தானே ஓட்டிப் பிழைப்பவர் மட்டுமே தப்புவார். இயக்குநரின் சொந்தப் பயன்பாட்டுக்காக நிறுவனம் வாங்கிய கார் அந்தத் தடைக்குள் வராது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு மெர்சிடிஸ் வழக்கில் ஏற்றுக்கொண்டது.

ரீகால் என்பது வேறு

உங்கள் காரில் மட்டுமின்றி அதே மாடலின் பல கார்களில் ஒரே குறை இருந்தால், பேச்சு மோட்டார் வாகனச் சட்டத்துக்கு மாறுகிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த பிரிவு 110ஏ, சாலையில் செல்வோருக்கோ சுற்றுச்சூழலுக்கோ தீங்கு தரும் குறை இருந்தால் கார்களைத் திரும்பப் பெறும்படி நிறுவனத்துக்கு உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வாகனங்களுக்குப் பொருந்தும். தண்டத்தொகை 10 லட்சம் முதல் 1 கோடி வரை. நடைமுறையில் நாம் கேள்விப்படும் ரீகால்களில் பெரும்பாலானவை நிறுவனங்கள் தாமாக அறிவிப்பவை. அறிவிப்பு வந்தால் சேசிஸ் எண்ணைக் கொடுத்து உங்கள் கார் பட்டியலில் உண்டா என்று பாருங்கள். இருந்தால், பட்டறையில் 'நார்மல்' என்று சொல்லப்பட்ட குறைக்கு நிறுவனத்தின் எழுத்திலேயே சான்று கிடைத்துவிட்டது.

கடனும் தவணையும்

கார் ஓடவில்லை என்று தவணையை நிறுத்தக் கூடாது. வங்கி கடன் கொடுத்தது உங்களுக்கு; காரின் தரத்துக்கு அது உறுதி கொடுக்கவில்லை. தவணை தவறினால் சிபில் மதிப்பு குறைவதோடு, கார் பறிமுதலானால் வழக்கின் முதன்மைச் சான்றே கைவிட்டுப் போகும். கட்டிய வட்டியை இழப்பீட்டுக் கணக்கில் சேர்த்துக் கேட்கலாம். ஆர்.சி.யில் வங்கியின் அடமானக் குறிப்பு இருப்பதால், விலையைத் திருப்பும் உடன்பாடு எதுவாயினும் வங்கியின் பாக்கி தீர்ந்த பிறகே மீதி உங்கள் கைக்கு வரும்.

உத்தரவு வந்த பிறகு

மாவட்ட ஆணையத்தின் உத்தரவை எதிர்த்து 45 நாளில் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு மதுரையிலும் அமர்வு உண்டு. பணம் செலுத்தும்படி உத்தரவிடப்பட்ட தரப்பு, அந்தத் தொகையில் பாதியைக் கட்டிய பிறகே மேல்முறையீடு செய்ய முடியும். நிறுவனங்கள் சமரசத்துக்கு உண்மையாக இறங்கி வரும் காலமாகப் பெரும்பாலும் அமைவது இந்த 45 நாள்தான். அப்போது எழுதும் உடன்பாட்டில் திருப்பும் தொகை ஷோரூம் விலையா ஆயுள் வரியும் இன்சூரன்சும் சேர்ந்ததா, காரை எந்தத் தேதியில் யார் செலவில் ஒப்படைப்பது, ஆர்.சி. மாற்றும் வரை அந்தக் காரால் ஏற்படும் விபத்துக்கு யார் பொறுப்பு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். உத்தரவை நிறைவேற்றாமல் இழுத்தடித்தால் பிரிவு 71-இன் கீழ் சொத்து ஜப்திக்கும், பிரிவு 72-இன் கீழ் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம் அல்லது இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். இரண்டு விண்ணப்பங்களையும் உத்தரவிட்ட அதே ஆணையத்திலேயே போட வேண்டும்.